மூன்றாந்தாரம்

கிணற்றடிக்குக் கிழக்கே, வெள்ளெருக்குக்கு முன்னால் விரித்த பாயில் ஐயர் இருந்தார். அவருக்கு வலப்பக்கம் மாப்பிள்ளை பரமலிங்கம். அனலைதீவார், இரண்டு மனைவியரைச் சுடலைக்கு அனுப்பியவர். அவருடைய தமக்கை பரிமளம் நிழல் பார்த்து வேலியோரம் கதிரை போட்டிருந்தாள். யோகம்மாவின் தமையன் சரவணமுத்து கிணற்றுக்கட்டில். யோகம்மாவுக்கு இடமில்லை, கட்டப்போகிறவள் அங்கே நிற்கக் கூடாதாம். குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூன்றாந்தாரம் தங்காது என்பதால், முதலில் எருக்குக்குத் தாலி கட்டி அதை வெட்டிச் சாய்த்துவிட்டு, புதன்கிழமை யோகம்மாவுக்குக் கட்டுவதென்று பேச்சு. வருகிற தீங்கு செடியோடு போய்விடுமாம். நயினாதீவில் வெள்ளெருக்குத் தேடியபோது அவள் வளவில்தான் கிடைத்தது. பிள்ளையாருக்கு மாலை கட்டவென்று, பஞ்சு பறக்கமுன் காயைத் துணியால் கட்டி விதை எடுத்து, நாள் முழுக்க வெயில் விழும் இடத்தில் போட்டவள் அவள். முதல் கன்று தண்ணீர் கூடி அழுகிப்போனது. அடுத்ததை மழைக்கு விட்டுவிட்டாள். அது மணலைத் துளைத்து வேர்விட்டு, ஆளுயரம் வந்தது. முப்பத்தாறு வயதில் வந்த ஒரே சம்பந்தம் என்பதால் அதையும் கொடுக்கச் சம்மதித்தாள்.

பெண்ணின் பெயரைக் கேட்டு ஐயர் மந்திரத்தை நிறுத்தினார். எருக்கை என்ன பெயர் சொல்லிக் கட்டுவதென்று ஒருவரும் யோசித்திருக்கவில்லை.

"யோகம்மா எண்டே சொல்லுங்கோ ஐயா," என்றாள் பரிமளம். "தம்பிக்கும் வாயிலை பழகும்."

சரவணமுத்து சிரித்தார். பரமலிங்கம் அந்தப் பெயருக்கு மஞ்சள் கயிற்றை முடிந்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கத்தியை எடுத்தார்.

"பால் கண்ணிலை தெறிக்கும் மச்சான், தள்ளி நில்லும்," என்றார் சரவணமுத்துவிடம்.

இரண்டு வெட்டு. சாய்ந்ததைக் காலால் ஒதுக்கிவிட்டுக் கை கழுவப் போனார். பரிமளம் தேத்தண்ணி கேட்டாள். யோகம்மாதான் ஊற்றிக் கொடுத்தாள்.

அவர்கள் படகேறிய பின் அவள் தாள் எடுத்து, பள்ளிக்கூடத்தில் படித்த ஒழுங்கில் வலப்பக்கம் திகதியிட்டு எழுதினாள்:

'மதிப்புக்குரிய பரமலிங்கம் அவர்கட்கு, தங்கள் மனைவி யோகம்மா இன்று காலை எங்கள் வளவில் காலமானதையிட்டு ஆழ்ந்த அனுதாபங்கள். கூடவே நின்றவர் என்பதால் விபரம் தேவையில்லை. மரணத் துடக்கோடு புதன்கிழமை தாலி கட்ட ஏலாது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியைக் குறைவில்லாமல் செய்யவும்.'

கையெழுத்து இடவில்லை.

சரவணமுத்து அதை எடுத்து வாசித்தார்.

"உனக்கு விசரோ? இனி ஆர் வருவான்?"

அவள் தாளை வாங்கி மடித்து உறையில் இட்டாள்.

மறுநாள் இறங்குதுறையில், அனலைதீவுக்கு ஓடும் படகுக்காரத் தம்பையா கடிதத்துக்குக் கை நீட்டினார்.

"ஒட்டாதையும் தங்கச்சி. நேவிக்காரன் பிரிச்சுப் பாப்பான்."

"பாக்கட்டும் அண்ணை."

நாக்கால் நனைத்து ஒட்டி, விளிம்பை நகத்தால் அழுத்திக் கொடுத்தாள். அவர் அதைச் சேட்டுப் பையில் செருகிக்கொண்டு கயிற்றை இழுத்தார். இயந்திரம் பிடித்தது. பைக்கு வெளியே தெரிந்த வெள்ளை மூலை, அந்த அதிர்வுக்கு நடுங்கிக்கொண்டே தூரப் போனது.