ஐந்தாவது ஃப்ரீசர்

சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கும்போது லேப் அக்காவின் கை கூசியது. பத்தொன்பது வருடமாக அந்தப் பிளக்கை யாரும் தொட்டுவிடக் கூடாதென்று காவல் காத்தவளே அவள்தான். அறையைப் பெருக்க வருகிறவர் துடைப்பத்தோடு அந்த மூலைக்குத் திரும்பினாலே, "அந்தப் பக்கம் மட்டும் வேணாங்க, நான் பாத்துக்கறேன்" என்று ஓடிப் போய்க் குறுக்கே நிற்பாள். ஸ்விட்சுக்கு மேலே சிவப்பு மையில் 'தொட்டால் கொலை விழும்' என்று எழுதி ஒட்டியதும் அவள்தான். இன்று அவளே தொட்டாள். உறுமிக்கொண்டிருந்த ஃப்ரீசர் ஒரு குலுக்கலோடு நின்றது. அந்தச் சத்தம் ஓய்ந்த பிறகுதான், ஜன்னலுக்கு வெளியே ஆஸ்பத்திரி மரங்களில் அத்தனை காக்கைகள் கத்துவது அவளுக்குக் கேட்டது.

ஐந்து ஃப்ரீசர்களில் நான்கு, முந்தின இரண்டு நாட்களிலேயே புது வளாகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. இது ஐந்தாவது, ஐந்திலும் மூத்தது. ஆளுயரப் பெட்டி. கதவு ரப்பர் தேய்ந்து, கீழ் மூலையில் எப்போதும் பனி கட்டி ஒழுகிக்கொண்டே இருப்பதால் அதற்குச் 'சளிமூக்கு' என்று பெயர் வைத்திருந்தாள். அந்த மூக்கைத் துடைத்துவிடாமல் ஒரு நாளும் அவள் வீட்டுக்குக் கிளம்பியதில்லை. "எங்களுக்கு மூத்தது அந்தப் பொட்டிதாங்க. பெத்த பொண்ணு ரெண்டாவது" என்று அவள் கணவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவரையும் குறை சொல்ல முடியாது. மின்சாரம் போய்விட்ட ஒரு மழை நாளில், ஐந்து மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜெனரேட்டருக்கு டீசல் தேடி அலைந்தவள்தானே.

உள்ளே மைனஸ் எண்பதில் உறைந்து கிடந்தவை சுண்டுவிரல் உயரக் குப்பிகள். ஒவ்வொன்றிலும் ஒரு குழந்தையின் ரத்தம். ஓடி விளையாடிய பிள்ளை ஏழெட்டு வயதில் படியேறத் திணறும். பத்துப் பன்னிரண்டு வயதில் சக்கர நாற்காலியோடு தங்கிவிடும். அப்படியொரு தசைநோய். டாக்டரம்மா ஒற்றை ஆளாக அந்த நோயின் பின்னால் ஓடத் தொடங்கிய காலத்தில், முதன்முதலில் எடுத்த ரத்தம் முழுக்க இந்தப் பெட்டியில்தான் இருந்தது. ஊசி போட்டு எடுத்தவள் லேப் அக்கா. அழுத பிள்ளைகளும் உண்டு, "இவ்ளோ சிவப்பும் எனக்குள்ளயா இருந்துச்சு?" என்று வாயைப் பிளந்த பிள்ளைகளும் உண்டு. அவர்களில் பாதிப் பேர் இன்று இல்லை. மற்ற நான்கு ஃப்ரீசர்களில் இருப்பது கெட்டுப்போனால், குடும்பங்களைத் தேடிப் போய் இன்னொரு தடவை கை நீட்டச் சொல்லலாம். இதில் இருப்பதை யாரிடம் போய்க் கேட்பது?

நகரத்தின் கிழக்கு ஓரத்தில், பழைய சரக்குக் கிடங்குகள் இடிந்து முள் மண்டிக் கிடந்த நிலத்தில், புது ஆராய்ச்சி வளாகம் எழும்பிக்கொண்டிருந்தது. முதல் கட்டடம் முடிந்துவிட்டது. இரண்டாவது ஆறாம் மாடியைத் தொட்டிருந்தது. மூன்றாவது இன்னும் வெறும் பள்ளம். டாக்டரம்மா பதினோரு வருடம் கோப்பும் கையுமாக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியது லேப் அக்காவுக்குத் தெரியும். ஒரு வியாதிக்கு இவ்வளவு பெரிய கட்டடமா என்று கேட்ட அதிகாரியிடம், "ஒண்ணுக்கு இல்லைங்க, முந்நூத்துப் பத்து வியாதிக்கு" என்று பட்டியலை நீட்டியவர் அவர். வரைபடம் வந்த அன்று எல்லோரும் எந்த ஆய்வகம் எந்த மாடியில் என்று பார்த்துக்கொண்டிருக்க, டாக்டரம்மா சிவப்புப் பேனாவை எடுத்துப் படிகளை ஒவ்வொன்றாக அடித்தார். தீ விபத்துக்கென்று சட்டம் கேட்ட படிக்கட்டு ஒன்றைத் தவிர, வாசலிலிருந்து மொட்டை மாடி வரை சாய்தளமும் லிஃப்டும்தான். பிள்ளைகளும் அப்பா அம்மாவும் எங்கே வேண்டுமானாலும் வரலாம், எதையும் பார்க்கலாம். லேப் அக்கா முதல் தடவை பார்க்கப் போனபோது, 'இதுக்குள்ள நான் தொலைஞ்சே போயிடுவேன்' என்று மிரண்டுதான் நடந்தாள். சாய்தளத்தின் ஓரத்தில் இரண்டு கைப்பிடிகள் ஓடின. மேலே ஒன்று பெரியவர்களுக்கு. கீழே, அவள் இடுப்புக்கும் கொஞ்சம் தாழ்வாக, இன்னொன்று. அந்தக் கீழ்க் கைப்பிடியைப் பிடித்தபடி அவள் வெகுநேரம் நின்றிருந்தாள். அதன் பிறகு மிரட்சி போய்விட்டது.

பழைய ஆஸ்பத்திரியிலிருந்து நாற்பது நிமிடப் பயணம். மைனஸ் அறுபதுக்கு மேல் சூடு ஏறக் கூடாது என்பது டாக்டரம்மாவின் கணக்கு. மின்சாரம் இல்லாமல் நல்ல ஃப்ரீசர் நான்கு மணி நேரம் தாங்கும். சளிமூக்கு இரண்டரை தாங்கினால் பெரிது. ஒன்பது மணிக்கு வேன் கிளம்பியது. லேப் அக்கா பின்னால் பெட்டியோடு பெட்டியாக உட்கார்ந்துகொண்டாள். கதவின் மேலிருந்த சின்னத் திரையில் எண் மெல்ல மாறியது. எழுபத்தொன்பது. எழுபத்தெட்டு. வழியெல்லாம் நெரிசல். வளாகத்தின் கண்ணாடி முகம் கண்ணில் படும்போதே மணி பத்தேகாலைத் தாண்டிவிட்டது. அங்கே வேன் நின்றது. நின்றது நின்றதுதான்.

இறங்கிப் பார்த்தாள். வாசலுக்கு முன்னால் கேபிள் புதைக்கத் தோண்டிய இயந்திரம், தண்ணீர்க் குழாயை உடைத்துவிட்டிருந்தது. சாலையின் குறுக்கே ஏழெட்டு அடி அகலத்துக்கு மண் உள்வாங்கி, செந்நீர் நுரைத்துக்கொண்டிருந்தது. ஆள் மட்டும் கடக்க ஒற்றைப் பலகை ஒன்று குறுக்கே போட்டிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் வாசல். வாசலில் வெள்ளைக் கோட்டோடு டாக்டரம்மா. பின்பக்கம் வழியே கிடையாது, மூன்றாம் கட்டடத்தின் பள்ளம்தான். திரும்பிப் போகலாமென்றால், வேனுக்குப் பின்னால் பஸ்ஸும் லாரியும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன.

எதிரெதிரே பார்த்துக்கொண்டே இருவரும் போனில் பேசினார்கள். தன்னைவிட எட்டு வயது சின்னவளான அவளை டாக்டரம்மாவும் எல்லோரையும் போல அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"எவ்வளவு காட்டுதுக்கா?"

"அறுபத்தொம்பது. இனிமே சூடு வேகமா ஏறும் டாக்டரம்மா. ரப்பரு சரியில்லையே."

"கையில எடுத்துட்டு வந்துடலாமா?"

"டிரை ஐஸ் ஒரே ஒரு பெட்டிதான் மிச்சம் இருக்கு. இந்த வெயில்ல குப்பியை வெளிய எடுத்தா, பலகையில கால் வெச்சு இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் வர்றதுக்குள்ள இளகிடும்."

கட்டட மேஸ்திரி பக்கத்தில் வந்து நின்றார். முழங்கால் வரை சேறு. தண்ணீரை நிறுத்தி, மண் கொட்டி மூட இரண்டு மணி நேரமாவது ஆகும் என்றார். பிறகு வேனுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "பொட்டி என்ன எடைம்மா?" என்றார்.

"முந்நூத்தம்பது கிலோ."

மேஸ்திரி அண்ணாந்து பார்த்தார். இரண்டாம் கட்டடத்துக்கு மேலே, வானத்தில் கோடு கிழித்ததுபோல், கிரேன் நீட்டிக்கொண்டு நின்றது.

"கண்ணாடி தூக்கற இரும்புக் கூண்டு இருக்கு. அதுக்குள்ள நிறுத்தி வெச்சுக் கட்டிட்டா, பள்ளத்தைத் தாண்டி வாசல்லயே இறக்கிடலாம்."

"தொங்க விடறதா? இதையா?"

"தினம் தூக்கறோம்மா."

"கண்ணாடி உடைஞ்சா வேற வாங்கிக்கலாம்ணே."

மேஸ்திரியின் இடுப்பிலிருந்த வாக்கி டாக்கி கரகரத்தது. நூற்றைம்பது அடி உயரத்தில், கிரேனின் கண்ணாடிக் கூட்டுக்குள் உட்கார்ந்திருந்த ஆப்பரேட்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"மேஸ்திரி, அந்தம்மா கையில குடுங்க."

லேப் அக்கா வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். காதில் வைக்கத் தேவையில்லை என்று மேஸ்திரி சைகை காட்டினார்.

"சொல்லுங்கம்மா. உள்ள என்ன இருக்கு?"

"ரத்தங்க. குழந்தைங்களோட ரத்தம். நடக்க முடியாமப் போயிடற வியாதி. இதுல பாதிப் பேரு இப்ப உயிரோட இல்ல. மறுபடி எடுக்க முடியாதுங்க."

வாக்கி டாக்கியில் காற்று உரசுவது கேட்டது.

"சாயலாமா?"

"கூடாது. சாஞ்சா கம்ப்ரஸர்ல இருக்கற ஆயில் மேல ஏறிடும். உடனே கரண்டு குடுக்க முடியாது. குலுங்கவும் கூடாது."

"சரிம்மா. நீங்க என்னை நம்ப வேணாம். ஒரு வாளித் தண்ணிய நம்புங்க. மேஸ்திரி, கூண்டுல ஏழு மூட்டை சிமென்ட் வைங்க. அதுக்கு மேல ஒரு வாளி. தளும்பத் தளும்ப ஊத்துங்க. இப்ப ஊத்துனா போதும்னு தோணுச்சுன்னா, அதுக்கு மேல இன்னும் ஒரு டம்ளர்."

கிரேன் கொக்கி கூண்டைச் சாலைக்குக் கொண்டுவந்தது. ஏழு மூட்டை, முந்நூற்றைம்பது கிலோ. மேலே நீல வாளி, விளிம்பு வரை தண்ணீர். பத்து நிமிடம் வீணாகிறதே என்று லேப் அக்கா ஓடிப் போய்த் திரையைப் பார்த்தாள். எண் அறுபத்தாறைக் காட்டியது. ஆனாலும் கூண்டு தரையை விட்ட விதத்தைக் கண்டதும் அவள் எண்ணை மறந்தாள். அது தூக்கப்பட்டதாகவே தெரியவில்லை. தூங்குகிற குழந்தையை மடியிலிருந்து எடுத்துப் படுக்கையில் விடுகிறவர்கள், முதலில் எடுப்பதா வேண்டாமா என்று ஒரு கணம் நிறுத்துவார்களே, அப்படி நின்றது. பிறகுதான் எழுந்தது. பள்ளத்துக்கு மேலே போகும்போது காற்று கொஞ்சம் வலுத்தது. கூண்டு அங்கேயே நின்று, காற்று போகட்டும் என்று வழிவிட்டு, அப்புறம் நகர்ந்தது. வாசலில் இறங்கியது. டாக்டரம்மா குனிந்து பார்ப்பதும், வாளியைச் சுற்றி மூட்டைகளைத் தடவுவதும் இங்கிருந்தே தெரிந்தது.

போன் அடித்தது. "அக்கா, மூட்டை காஞ்சு கிடக்கு. ஒரு சொட்டு சிந்தல."

லேப் அக்கா பெட்டியின் கதவில் கை வைத்தாள். டாக்டரம்மா தொடர்ந்தார்.

"நான் இங்கேருந்து எதாவது சொன்னா அது உத்தரவு மாதிரி ஆயிடும். பொட்டிகிட்ட நிக்கறது நீங்க. நீங்க வேணாம்னா வேணாம். என்ன ஆனாலும் சேந்து பாத்துக்கலாம்."

பதினோரு வருடம் சிவப்பு நாடாவோடு மல்லுக்கட்டி இவ்வளவு பெரிய வளாகத்தைக் கொண்டுவந்த மனுஷி, அதற்கெல்லாம் ஆணிவேரான பெட்டியை அவள் வாய்ச் சொல்லுக்கு விட்டுவிட்டு, வெயிலில் நெற்றிக்கு மேல் கை வைத்துக் காத்து நின்றார். லேப் அக்கா திரையைப் பார்த்தாள். அறுபத்தைந்து. வாக்கி டாக்கியை வாய்க்கு அருகில் கொண்டுபோனாள்.

"தூக்குங்க."

மூட்டைகளை இறக்கிவிட்டுக் கூண்டு திரும்பி வந்ததும், எட்டுப் பேர் பெட்டியை வேனிலிருந்து இறக்கி அதற்குள் நிறுத்தினார்கள். மேஸ்திரி தன் கையாலேயே நாலா பக்கமும் தெர்மகோல் அடைத்து, பட்டை இழுத்துக் கட்டினார். சிக்னல்காரர் கையை உயர்த்தினார். கண்ணை மூடிக்கொள்ளலாமா என்று அவளுக்குத் தோன்றியது. மூடினால் விழுந்துவிடும் போலவும் இருந்தது. மூடவில்லை. சளிமூக்கு தரையை விட்டது. ஆறாம் மாடியில் கம்பி கட்டிக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டு விளிம்புக்கு வந்தார்கள். நெரிசலில் சிக்கிய பஸ்ஸின் ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. இவ்வளவு நேரம் ஹாரன் அடித்துக்கொண்டிருந்த லாரிக்காரர் கையை எடுத்துவிட்டார். பத்தொன்பது வருடம் ஒரு மூலையை விட்டு அசையாத பெட்டி, வெள்ளை வெளேரென்று, நிமிர்ந்த முதுகோடு வானத்தில் போயிற்று. பள்ளத்துக்கு நேர் மேலே மறுபடி காற்று. பெட்டி நின்றது. நின்றபோது அதன் கீழ் மூலையிலிருந்து ஒரே ஒரு சொட்டு விடுபட்டு, வெயிலில் மின்னிக்கொண்டே கீழே விழுந்தது. லேப் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பை அடக்கப் போனால் அது அழுகையாக வந்தது.

பெட்டி வாசலில் தரை தொட்டதும், போட்டிருந்த பலகை மேல் ஓடினாள். நடுவில் ஒரு செருப்பு தண்ணீரோடு போனது, திரும்பிப் பார்க்கவில்லை. கட்டவிழ்த்த பெட்டி, வழியில் ஒரு படி கூட இல்லாததால், சக்கரத்தோடு வாசலிலிருந்து நேரே குளிரறைக்கு உருண்டது. பிளக்கைச் செருகினாள். கம்ப்ரஸர் இரண்டு தடவை செருமி, மூன்றாவதில் உறுமத் தொடங்கியது. திரை அறுபத்துமூன்று காட்டியது. டாக்டரம்மா பக்கத்தில் வந்து நின்றார். அறுபத்திரண்டு. அறுபத்திரண்டிலேயே நின்றது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். டாக்டரம்மா கோட்டோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்போது எண் மாறியது. அறுபத்துமூன்று. கொஞ்சம் பொறுத்து, அறுபத்துநான்கு.

"போயிட்டு வந்துடறேன்" என்று லேப் அக்கா கிளம்பினாள்.

"எங்கக்கா?"

"அவரைப் பாக்க வேணாமா?"

வெளியே மேஸ்திரி தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டிருந்தவர்களை அதட்டிக்கொண்டிருந்தார். "ஆப்பரேட்டர் எப்ப இறங்குவாருண்ணே?" என்று கேட்டாள்.

"பன்னெண்டரைக்கும்மா. சாப்பாட்டுக்கு மட்டுந்தான் இறங்குவாரு. ஏணிதான், கால் மணி நேரம் ஆகும். நீங்க உள்ள போய் உக்காருங்க, நான் சொல்லி அனுப்பறேன்."

"இல்ல. இங்கயே நிக்கறேன்."

ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் சேறுமாகக் கிரேனின் அடிவாரத்துக்குப் போனாள். என்ன சொல்வது என்று யோசித்தாள். நன்றி என்ற சொல் வாயில் வைத்துப் பார்த்தபோது சின்னதாக இருந்தது. பெயர் கேட்கலாம். சாப்பிட என்ன கொண்டுவந்திருக்கிறீர்கள் என்று கேட்கலாம். உள்ளே வந்து திரையில் எண்ணைப் பாருங்கள் என்று கூப்பிடலாம். சங்கு ஊதியது. உயரத்தில் கண்ணாடிக் கதவு திறந்து, ஒரு உருவம் ஏணிக்குத் திரும்பியது. இங்கிருந்து பார்க்க ஒரு கட்டைவிரல் அளவுதான். இளசா, வயதானவரா, ஒன்றும் தெரியவில்லை. ஒவ்வொரு படியாகக் கால் வைத்து, முதல் தட்டில் நின்று, சட்டையை உதறி, மறுபடி இறங்கத் தொடங்கியது. லேப் அக்கா வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி, இரும்புக் கம்பிகளுக்கு நடுவே மறைந்தும் தெரிந்தும் வரும் அந்த உருவத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இன்னும் பாதி ஏணி மிச்சமிருந்தது.