கட்டிலுக்கு அடியில் ஓடிய எல்லை

பூந்தாங்கல் அம்மனும் வேலப்பட்டு அம்மனும் ஆடித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்த நேரத்திலேயே ஓர் இழவு வீட்டுக்கு வந்து, வாசலில் உட்கார்ந்து அழுதார்கள் என்றும், இருவரையும் கையைப் பிடித்து அழைத்து வந்தவர் தாமே என்றும் பூந்தாங்கல் நடேசன் சொல்லுவார். வல்லக்கோட்டை முருகன்மேல் சத்தியம் வேறு.

யார் நம்புவார்கள்? சாவு விழுந்த தெருவைச் சுற்றிக்கொண்டு போகிற சாமியைச் சாவு வாசலிலேயே உட்கார வைத்தாராம். பால் சொசைட்டியில் செயலாளராக இருந்த காலத்தில் ஒரே எருமை எழுபது லிட்டர் கறந்தது, கேன் போதாமல் மிச்சத்தைக் கிணற்றில் ஊற்றினோம், ஊரே ஒரு வாரம் கிணற்றிலிருந்து மோர் சேந்திக் குடித்தது என்று சொன்னதும் இதே வாய்தான். இப்போது எருமைகள் இல்லை. வயல்களெல்லாம் கம்பெனிகளாகிவிட்டன. அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். வாய் மட்டும் மூன்று ஷிப்டும் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரகடம் கூட்டுரோட்டு டீக்கடையில் அவர் இந்தக் கதையை எடுத்தால், எதிர்பெஞ்சில் இருக்கும் வேலப்பட்டுக் கன்னியப்பன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "கப்சா" என்பார். ஐந்து வருஷமாக அதே ஒரு சொல். கன்னியப்பன் வேலப்பட்டின் விழாக்குழுத் தலைவர், அன்றைக்கு அங்கே இருந்தவர். அவரே கப்சா என்றால் அது கப்சாதான்.

இரண்டாயிரத்துப் பதினைந்து ஆனியில், அந்த டீக்கடைக்கு மாடத்தி வந்தாள். நாங்குநேரிப் பக்கத்திலிருந்து இரவெல்லாம் பஸ்ஸில் வந்தவள். கம்பெனி வேலைக்கு வந்த அவள் மகள் பாண்டிச்செல்வி செத்துப்போனது இங்கேதான். கம்பெனி மூடிவிட்டது, பெண்கள் தங்கியிருந்த விடுதியை இடிக்கப்போகிறார்கள் என்று மகன் மாரிசெல்வம் சொன்னதும், அந்த இடத்தை ஒரு தரம் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பிவிட்டாள். மகள் சாகிற சமயத்தில் அவள் தொடையெலும்பு முறிந்து கட்டிலோடு கிடந்தாள். வேனில் வந்து இறங்கிய உடம்பைத்தான் பார்த்தாள். அப்போது சொந்தக்காரி ஒருத்தி, கேட்க நாதியில்லாமல் பார்சல் மாதிரி அனுப்பிவிட்டார்களே என்று சொல்லி அழுதாள். அந்தச் சொல் ஐந்து வருஷமாக மாடத்தியைத் தூங்கவிடவில்லை.

"சாமியே வந்து நின்னுச்சும்மான்னு எம்மவன் சொல்லுதான் அண்ணாச்சி. என்னைத் தேத்ததுக்குச் சொல்லுதான்னு விட்டுட்டேன். நீங்க சொல்லுங்க. எம்பிள்ளை போகையில இங்க ஒருத்தராவது நின்னாவளா?"

நடேசன் வாயைத் திறந்தார். கடையில் பாதிப் பேர் இப்போதே சிரிக்கத் தயாராக இருந்தார்கள். தம் வாழ்நாளில் முதல்முறையாக, தாம் சொல்லப்போவதை ஒருவர் நம்பியாக வேண்டுமே என்று அவருக்குப் பயம் வந்தது.

நடந்தது இதுதான். இரண்டாயிரத்து ஏழில் கம்பெனி தொடங்க வெளிநாட்டுக்காரர்கள் கொஞ்சம் பேர் வந்தார்கள். அவர்கள் பக்கத்தில், கடலுக்கு இந்தக் கரையில் ஒரு நாடு, அந்தக் கரையில் ஒரு நாடு. நடுவில் பாலம் போட்டு, அங்கே தூங்கி இங்கே வேலை செய்கிறார்களாம். வீடு கட்டுவதும் புதுத் தொழில் தொடங்குவதும் இரண்டு நாடும் சேர்ந்துதானாம். தமிழில் சொல்ல ஒரு பையனைக் கூட்டி வந்திருந்தார்கள். உங்கள் இரண்டு ஊருக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று கேட்டார்கள். ஒரு வரப்பு என்றார் நடேசன். அந்த ஒரு வரப்புக்காக நாற்பது வருஷமாகப் பெண் கொடுத்து எடுக்காத ஊர்கள். கடலையே தாண்டிவிட்டார்களே என்று இரண்டு பக்கத்துக்கும் வெட்கமாகப் போயிற்று.

அப்படித்தான் இரண்டு ஊரும் சேர்ந்து இடம் கொடுக்க, வரப்பின் மேலேயே கம்பெனிப் பெண்களுக்கு விடுதி வந்தது. தண்ணீர் பூந்தாங்கலுடையது, கரண்டு வேலப்பட்டுடையது. தெற்கத்திப் பெண்கள் வந்து தங்கினார்கள். திறப்பு விழாவன்று, வெள்ளைக்காரர்கள் இந்த ஊரில் ஒரு கால் அந்த ஊரில் ஒரு கால் வைத்துப் போட்டோ பிடிப்பதற்காக, கூடத்தில் எல்லை ஓடும் இடத்தில் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு போட்டார்கள். (நடேசன் காலின் போட்டோ அந்த நாட்டுச் சட்டசபையில் மாலையோடு தொங்குகிறதாம்.) கூட்டம் என்று போட்டால் இரண்டு ஊர்த் தலைவர்களும் அந்தப் பெண்களை "நம்ப புள்ளைங்க" என்றுதான் சொல்லுவார்கள்.

பெண்கள் பெருகியதும் கூடத்திலும் கட்டில் போட்டார்கள். பாண்டிச்செல்வியின் கட்டிலுக்கு அடியில் அந்தக் கோடு போயிற்று. தினமும் தண்ணீர் மோட்டார் போட வரும் நடேசனிடம், "தாத்தா, தலை ஒங்கூர்ல தூங்குது, காலு அவிய ஊர்ல தூங்குது. எந்த ஊர்ல எனக்கு ஓட்டு?" என்று வம்புக்கு இழுப்பாள். அவர் அவளை ரெண்டூர்க்காரி என்று கூப்பிடுவார்.

இரண்டாயிரத்துப் பத்து ஆடியில் இரண்டு ஊருக்கும் ஒரே வாரத்தில் காப்பு. ஓ.டி. போய்விடுமே என்று காய்ச்சலை மறைத்து வேலைக்குப் போய்வந்த பாண்டிச்செல்வியை, காலையில் கஞ்சி கொண்டுபோன சமையல்காரத் தாயாரம்மாள் தொட்டுப் பார்த்தாள். உடம்பு சில்லிட்டிருந்தது. டாக்டர் வந்து கையை விரித்தார்.

காப்புக் கட்டிய ஊரில் ஊர்க்காரர் செத்தால் பம்பை மேளம் நிற்கும், கோயில் நடை சாத்தும், உடம்பு எல்லை தாண்டிய பிறகுதான் மறுபடி எல்லாம். வெளியூர்ப் பிணமென்றால் அது கிடையாது. ஏரிக்கரை வழியாகச் சத்தமில்லாமல் கடத்திவிட்டு, விழா பாட்டுக்கு விழா நடக்கும். இரண்டு ஊரும் அவள் தங்கள் ஊர் இல்லை என்றன. கன்னியப்பன் கட்டிலருகே குனிந்து, கோட்டிலிருந்து ஜாண் போட்டுப் பார்த்து, தலை பூந்தாங்கல் பக்கம் இருக்கிறது, உயிர் தலை வழியாகத்தான் போகும் என்றார். பூந்தாங்கல்காரர்கள், கால் எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஆள் நிற்பதாகக் கணக்கு என்றார்கள். பக்கத்தில் இன்னொரு கம்பெனியில் வேலை பார்த்த மாரிசெல்வம் ஓடி வந்து, தங்கையின் கம்பெனிச் சட்டையை மடித்து மார்போடு அணைத்தபடி, பேசுகிறவர்கள் வாயையெல்லாம் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே இரண்டு பக்கமும் பம்பை அடித்துக்கொண்டிருந்தது.

பூந்தாங்கலுக்காகக் காப்புக் கட்டியிருந்தவர் நடேசன். அவர் கோட்டின் மேல் போய் நின்றார். மணிக்கட்டிலிருந்த மஞ்சள் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"முழுசா எங்க ஊருப் பொண்ணு. கன்னியப்பா, உன் ஊருக்கு இவ வேணாம்னா வுட்டுடு. கால் மொளச்சதும் எங்க ஊர்லதான்னு நாங்களே சொல்லிக்கிறோம்."

பூந்தாங்கல் பம்பை நின்றது. கன்னியப்பனுக்கு முகம் கறுத்தது. நடேசன் ஜெயிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவரால் முடியவில்லையோ, கட்டிலில் கிடந்தவளின் முகத்தை அப்போதுதான் பார்த்தாரோ, பாதி எங்கள் பெண், எவன் இல்லையென்பது என்று கத்திவிட்டார். வேலப்பட்டுப் பம்பையும் நின்றது.

ஆனால் வேலப்பட்டு அம்மன் எல்லைப் பூஜைக்காக அப்போதே பல்லக்கில் புறப்பட்டு விடுதி கேட் வரை வந்திருந்தாள். ஊர்ச் சாவு விழுந்தபின், உடம்பு போகும்வரை சாமி கோயிலுக்குத் திரும்பக் கூடாது, முன்னே நகரவும் கூடாது. கேட்டெதிரில் வேப்பமரத்தடியில் பல்லக்கை இறக்கினார்கள். பாண்டிச்செல்வியை வெளியே கொண்டுவந்து வேனில் ஏற்றியது அந்த அம்மன் முன்னால்தான்.

டீக்கடையில் நடேசன் இதை மாடத்திக்குச் சொன்னார். ஜாண் போட்ட கதையை மட்டும் விட்டுவிட்டார். ஐந்து வருஷமாக யாரிடமும் அதைச் சொன்னதில்லை. பழக்கதோஷம், இரண்டு அம்மனும் அழுதார்கள் என்று கடைசியில் வந்துவிட்டது. கடையில் யாரோ சிரித்தார்கள். மாடத்தியின் முகத்தில் வெளிச்சம் அணைவதைப் பார்த்த நடேசன், நாக்கைக் கடித்துக்கொண்டு, கன்னியப்பன் பக்கம் திரும்பினார். கேட்கவில்லை. பார்த்தார், அவ்வளவுதான்.

கன்னியப்பன் கிளாஸைக் கீழே வைத்தார். அந்த ஒரு சொல் வரப்போகிறது என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் எழுந்து, மாடத்தியின் எதிரே வந்து நின்றார்.

"ரெண்டு அம்மன் இல்ல தாயீ. ஒண்ணுதான். எங்களுது. கேட்டாண்ட ஓடிப்போயி பல்லக்கோட முன்தண்டுக்குத் தோள் குடுத்து நான்தான் எறக்குனேன். வண்டி எல்லை தாண்டுற வரிக்கும் எங்கம்மா உம் பொண்ணு எதுருலதான் குந்திகினு இருந்தா. அழுதாளா, எனக்குத் தெரியாது. நான் நிமிந்து பாக்கல. ஆனா இந்தாளு சொல்றது நெஜம். நடந்திச்சி."