லீவு நாளில் குத்திய ஊசி

ஜலஜா இரண்டு கையாலும் ஷட்டரை அடித்துக்கொண்டிருந்தாள். வெளியே பூட்டு. உள்ளே அவள் அம்மா சந்திரம்மாள் பட்டன் மெஷின் முன்னால் உறைந்து உட்கார்ந்திருந்தாள். ஊசி அவள் சுட்டுவிரல் நகத்தைத் துளைத்து உள்ளேயே ஒடிந்திருந்தது.

"அடிக்காதடி! பரேடுக்காகத் தெருவெல்லாம் போலீசு. சத்தம் கேட்டா எல்லாருக்கும் வேலை போயிடும்" என்று பக்கத்து மெஷின் செங்கம்மாள் அவள் தாவணியைப் பிடித்து இழுத்தாள்.

"போகட்டும் அத்தை! எங்கம்மா விரலே போகுது!"

ஜனவரி இருபத்தாறு. சம்பளத்தோடு லீவு என்று வாசலிலேயே நோட்டீஸ் தொங்கியது. ஆனால் டெல்லி ஓக்லாவில் அந்தச் சட்டைக் கம்பெனியில் வருஷா வருஷம் இதே அநியாயம்தான். விடியுமுன் பெண்களை உள்ளே விட்டு, வெளியே பூட்டிவிடுவான் சூப்பர்வைசர் ஏகாம்பரம். பார்க்கிறவர்களுக்குக் கம்பெனி மூடிக் கிடக்கும். முந்தின நாள் லட்டு கொடுக்கும்போதே ரெஜிஸ்டரில் கைநாட்டு வாங்கியிருந்தான். அது லீவு எடுத்ததற்கான கைநாட்டு. இந்தி படிக்கத் தெரிந்த ஜலஜாகூட லட்டைத்தான் பார்த்தாள், தாளைப் பார்க்கவில்லை.

ஏகாம்பரம் ஓடிவந்து பூட்டைத் திறந்தான். முதலில் ஜலஜாவை ஓர் அறை விட்டான். அப்புறம்தான் ஆட்டோவைக் கூப்பிட்டான்.

"வீட்டுல தைக்கும்போது குத்திடுச்சுன்னு சொல்லு" என்றான் ஆட்டோவில். "ரெஜிஸ்டர்ல உங்கம்மா லீவு. மாத்திச் சொன்னே, இருபத்திரண்டு பேருக்கும் கேட்டை மூடிருவாரு முதலாளி சேட்டு."

"மூடின கேட்டுக்குள்ளதான அண்ணே எங்கள வெச்சிருந்தீங்க?"

"வாய் நீளுது பாரு!"

சந்திரம்மாள் முனகினாள். "வீட்டுலன்னே சொல்லிடு கண்ணு. அவளுங்க வயித்துல அடிக்காத."

"வேலையில பட்ட அடின்னாத்தாம்மா கம்பெனி காசு குடுக்கணும். வீட்டுலன்னா ஒத்தப் பைசா வராது. கட்டுப் போட்ட கையோட எங்க போய் வேலை செய்வ?"

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜலஜாவுக்கு ஏகாம்பரத்தைவிட அந்த முகத்தின்மேல்தான் கோபம் பொங்கியது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஊசித் துண்டைப் பிடுங்கித் தட்டில் போட்டார். பக்கத்து அறை ரேடியோவில் பரேடு முடிந்து கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்கு இந்தி வராது. டாக்டர் சீட்டில் பேனாவை வைத்துக்கொண்டு ஜலஜாவைப் பார்த்தார். கதவோரம் ஏகாம்பரம் நின்றான். வெளியே, நடந்தே வந்து சேர்ந்த செங்கம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் வாயையே பார்த்தாள்.

டாக்டர் இந்தியில் கேட்டார்:

"சொல்லு மகளே, எங்கே பட்டது? வீட்டிலா, வேலையிலா?"