வாசம் போகாத மழைக்கோட்டு

குளியலறையில் குத்தவைத்து அண்ணனின் மழைக்கோட்டைப் பிழிந்துகொண்டிருந்தாள் தங்கை. பிழியப் பிழியத் தண்ணீர் வந்தது. அண்ணனை மருத்துவமனையிலிருந்து இன்னும் கொண்டுவரவில்லை. கோட்டு மட்டும் முந்திக்கொண்டு வீடு வந்துவிட்டது.

கொண்டுவந்தவர் நெட்டையண்ணன். மலைமேல் செல்போன் கோபுரங்களைப் பழுது பார்ப்பதில் அண்ணனுக்குக் கூட்டாளி. இருவரும் ஒரே மழையில்தான் மாட்டினார்கள். குளிர் ஒருவனைத்தான் கொண்டுபோனது.

அந்தக் கோட்டை அண்ணன் யாரையும் தொட விடமாட்டான். அதற்கென்று விற்கும் சோப்பில் தானே துவைத்து, மிதமான சூட்டில் உலர்த்தி, மேலே தண்ணீர் தெளித்துக் காட்டுவான். ஒரு சொட்டுக்கூட ஒட்டாது. "உன் சுடிதார் மாதிரி துவைச்சா இது செத்துடும்" என்று வம்பிழுப்பான்.

போன வாரம் அவன் அசந்து தூங்கியபோது அம்மா ஆசையாக அதைத் துவைத்துவிட்டாள். துணியை மிருதுவாக்கும் வாசனைத் திரவத்தையும் தாராளமாக ஊற்றினாள். அது படிந்தால் மேல்துணி மழையைக் குடிக்கும், உள்ளே வியர்வை வெளியேறாது, ஆள் நனைந்து விறைத்துப்போவான். அவசரமாகக் கூப்பிட்டார்கள் என்று அண்ணனும் கவனிக்காமல் மாட்டிக்கொண்டு ஓடியிருக்கிறான்.

தங்கை கோட்டை முகர்ந்தாள். ரோஜா வாசம். அம்மாவுக்கு மட்டும் இது தெரியவே கூடாது. தெரிந்தால் அவளும் இருக்கமாட்டாள்.

"இங்க கொண்டா அதை." அம்மா வந்து கோட்டைப் பிடுங்கிக்கொண்டு கூடத்துக்குப் போனாள். தங்கை ஈரக்கையோடு பின்னாலேயே ஓடினாள்.

"பாருப்பா, அவ்வளவு மழையிலயும் நான் போட்ட வாசம் போகல" என்று அம்மா அதை, தன் மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் அங்கே நின்றிருந்த நெட்டையண்ணனிடம் நீட்டினாள்.

அவர் முகர்ந்தார். துணியைக் கட்டைவிரலால் தேய்த்தார். பிறகு நிமிர்ந்து தங்கையைப் பார்த்தார். வேண்டாம் என்று அவள் கண்ணாலேயே கெஞ்சினாள்.

"உள்ள வரைக்கும் நனைஞ்சிருந்துச்சாமே. நல்ல கோட்டுதானேப்பா?"

"நல்ல கோட்டுதாம்மா. அந்தக் காத்துக்கு எதுவும் தாங்காது."

"உன்னோடது தாங்குச்சே."

மழை ஜன்னலை அறைந்துகொண்டிருந்தது.

"பாறை மறைவு ஒண்ணு இருந்துச்சும்மா" என்றார் நெட்டையண்ணன், தரையைப் பார்த்தபடி. "ஒரு ஆளுக்குத்தான் இடம். நான் உக்காந்துட்டேன்."

அப்படி ஒரு பாறையே கிடையாது என்று தங்கைக்குத் தெரிந்தது. அம்மா அவரையே வெகுநேரம் பார்த்தாள். திட்டுவாள், அடித்தாலும் அடிப்பாள் என்று தங்கை பயந்தாள்.

"கழட்டு" என்றாள் அம்மா. "ஒரே சேறா இருக்கு. நாளைக்கு மறுபடி மேல ஏறணுமில்ல? துவைச்சுத் தரேன்."

"நான் துவைக்கறேம்மா" என்றாள் தங்கை.

"நீ சும்மா இரு. இவனும் என் பிள்ளைதான்."

நெட்டையண்ணன் ஜிப்பை இறக்கினார். கோட்டைக் கழற்றி, இரண்டு கைகளாலும் அம்மாவிடம் கொடுத்தார்.

வெறும் சட்டையோடு நின்றவருக்குத் தங்கை நாற்காலியை இழுத்துப் போட்டாள். உள்ளே வாஷிங் மெஷினில் தண்ணீர் விழத் தொடங்கியது.