சொல்லிக்கொடுத்த பதில்கள்

கணவரின் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டபடியே உஷா கேட்டாள். "இன்னிக்கு என்ன கிழமை?"

"புதன்," என்றார் சந்திரசேகரன்.

"வியாழன். என்ன மாசம்?"

டாக்டரிடம் போகும் ஆட்டோ தொம்மலூர் மேம்பாலம் ஏறும்வரை அவர் காதோரம் கேட்டுக்கொண்டே வந்தாள். மகன் ஹரிஷைச் சின்ன வயசில் பரீட்சைக்குக் கூட்டிப்போனதும் இப்படித்தான். வெளி ஆள் முன்னால் அவர் திணறக் கூடாது. விதான சௌதா தலைமைச் செயலகத்தில் பெரிய பதவியில் உட்கார்ந்து ரிடையரான மனுஷன்.

வீட்டில் கேஸைத் திறந்துவிட்டுப் பற்றவைக்க மறந்தார். ஆபீசுக்கு நேரமாச்சென்று விடியுமுன் கதவைத் திறந்தார். உஷா முழுசாகத் தூங்கி ஒரு வருஷமாகிறது. துணைக்கு ஓர் ஆள் வைக்கலாம் என்றால், புனேயிலிருந்து ஹரிஷ், "என்கிட்ட நல்லாத்தானேம்மா பேசறார்? டாக்டர் சொல்லட்டும், பாக்கலாம்" என்பான். அவன் போன் செய்யும்போது ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் நின்று பதில் எடுத்துக்கொடுப்பது அவள்தான்.

டாக்டர் சிந்து சின்னப் பெண். முதலில் சர்க்கரை, ரத்த அழுத்தம் பற்றி விசாரித்தாள். இரண்டும் வெகுகாலமாக இருந்தன.

"காது?"

"மெஷின் வாங்கினோம். பீரோவுல இருக்கு."

"யாரோடயாவது பேசிப் பழகறாரா?"

"காது கேக்காம யாரோட?"

"இதெல்லாமே ஞாபகத்தைப் பாதிக்கும்மா."

பிறகு அவர் பக்கம் திரும்பி உரக்கக் கேட்டாள். கிழமை, மாதம், வருஷம், வீடு இருக்கும் ஏரியா. சந்திரசேகரன் நிமிர்ந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். "இன்னேனு மேடம்?" என்று கன்னடத்தில் அடுத்ததைக் கேட்டார். சிந்து சிரித்துவிட்டாள்.

"வயசுக்கு நல்லாவே இருக்கார்மா."

உஷாவுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பிறகுதான் உறைத்தது. இதை ஹரிஷிடம் சொன்னால் துணைக்கு ஆள் வேண்டாம் என்றுவிடுவான்.

குரலைத் தாழ்த்தினாள். "வர்ற வழியில நான் சொல்லிக்கொடுத்தது, டாக்டர்."

சந்திரசேகரனுக்குக் கேட்கவில்லை. பாஸான பையன் போலப் புன்னகைத்தபடி இருந்தார்.

சிந்து மறுபடி பேனாவை எடுத்து, உரக்கக் கேட்டாள். "சார், காலைல என்ன சாப்பிட்டீங்க?"

அவர் உஷாவின் பக்கம் திரும்பினார். ஹரிஷ் போனில் கேட்கும்போதும் இப்படித்தான் திரும்புவார்.

உப்புமா. அவள் வாய்வரை வந்தது. மடியிலிருந்த பையைப் பார்த்துக்கொண்டாள்.

அவர் காத்திருந்தார்.