எடை போடாத டயப்பர்

1

இந்தக் கதை ஒரு குப்பைக்கூடையில் பிறந்தது. உருவகமெல்லாம் இல்லை. குழந்தைகள் வார்டில், கட்டிலோரம், காலால் மிதித்தால் திறக்கும் நிஜக் கூடை. அதில் நான் போட்ட ஒன்றைப் பற்றி மூன்று வருடமாக யாரிடமும் மூச்சு விடவில்லை.

தொடக்கம் ஒன்று: "சிறுநீர்ப் பாதையில் ஏற்படும் அடைப்பு என்பது..." வேண்டாம், பாடப்புத்தக வாடை.

தொடக்கம் இரண்டு: "அக்கா அழவில்லை." பொய். அழுது தீர்த்தாள்.

2

சரி, நேராகவே சொல்கிறேன். அக்கா பையன் பிறந்து பன்னிரண்டு நாள். மூத்திரம் வெளியேறும் வழியை ஒரு சவ்வு அடைத்து, சிறுநீரகம் இரண்டும் வீங்கியிருந்தன. டாக்டர் வயிற்றைக் கிழிக்கவில்லை. மூத்திரத் துவாரம் வழியாகவே கேமரா வைத்த மெல்லிய குழாயை விட்டு, சவ்வைச் சுட்டு எடுத்துவிட்டார். (ஒரு தையல்கூட இல்லை. அந்தப் பிஞ்சுக்குள் குழாய் எப்படித்தான் போனதோ!)

மூத்திரம் வடியப் போட்டிருந்த ட்யூபை மறுநாள் காலை எடுத்தார்கள். இனி அவனே போக வேண்டும். ஈர டயப்பரை எடை போட்டு, காய்ந்த டயப்பரின் எடையைக் கழித்துத் தாளில் எழுதுவார்கள். ஒரு கிராமுக்கு ஒரு மில்லி.

"எதையும் தூக்கிப் போட்டுடாதீங்க, எனக்கு எடை வேணும்," என்று அக்காவிடம் நர்ஸ் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை. [இந்த வரியை அடிக்க வேண்டும். சாக்கு. நானும் அங்கேதான் நின்றேன்.]

3

அக்கா மதியம் சாப்பிடப் போனாள்.

"டேய், அரை மணி நேரம் பார்த்துக்கோ."

"போக்கா, நான் என்ன சின்னப் பிள்ளையா?"

அவன் சிணுங்கினான். டயப்பர் கனத்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக மாற்றினேன். பழையதைச் சுருட்டிக் கூடையில் போட்டேன். தாய்மாமன் பெருமை தலைக்கேறியது. துப்புரவு அம்மா வந்து பையை முடிச்சுப் போட்டு எடுத்துப் போனார்.

மூன்று மணிக்கு நர்ஸ் தாளைப் பார்த்தார். "காலையிலேர்ந்து ஒண்ணுமே போகலையா?"

டாக்டர் வந்தார். "மறுபடி ட்யூப் போட்டுடலாம்மா. தேவைப்பட்டா நாளைக்குத் திரும்ப உள்ள பார்க்கணும்."

4

முடிவு அ: "தப்பு என்னோடது!" என்று நான் கத்துகிறேன்.

முடிவு ஆ: பயல் சரியாக அந்த நேரம் டாக்டர் சட்டையை நனைக்கிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள். இதை ஏழு தடவை எழுதிப் பார்த்தேன், அவ்வளவு ஆசை.

நடந்தது வேறு. சொல் வாய்வரை வந்தது. இத்தனை பேர் முன்னால் அசடு வழிய வேண்டுமே என்று விழுங்கிவிட்டேன். அக்கா அவன் கால்களைப் பிடித்துக்கொள்ள, ட்யூப் உள்ளே போனது. அவன் கத்திய கத்தலை எழுத எனக்குத் துப்பில்லை.

மறுநாள் ட்யூபை எடுத்ததும் தாராளமாகப் போனான். திரும்ப உள்ளே பார்க்கத் தேவைப்படவில்லை. ஆனால் ட்யூப் போட்ட அன்று அக்கா கேட்டாள்: "என் பால் பத்தலையோ? அதான் போகலையோ?" இன்றைக்கும், அவன் கொஞ்சம் இளைத்தாற்போல் தெரிந்தால், அதையேதான் கேட்கிறாள்.

5

பயலுக்கு மூன்று வயது. நன்றாக இருக்கிறான், கண்ட இடத்தில் போய் வைக்கிறான். என் கதைகளை முதலில் படிப்பவள் அக்காதான். இதோ, பக்கத்து அறையில் நான்காம் பகுதிவரை அவள் கையில். கடைசித் தாள் மட்டும் என்னிடம்.

தாள் புரளும் சத்தம் நின்றுவிட்டது.

"டேய். இங்க வா."

குரலை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. முடிவு இ என்று எழுதத் தொடங்கி, நான் உள்ளே போனதும் அவள்... இல்லை. அதை அவள்தான் சொல்ல வேண்டும். நான் இந்தத் தாளோடு எழுந்து போகிறேன். இதில் ஒரு வரிதான் அவளுக்கு:

அக்கா, உன் பாலில் ஒரு குறையும் இல்லை.