பாட்டின் நடுவே ஒரு விம்மல்

அது என் மூச்சு. அங்கே உடைந்தது நான். அதையும் சேர்த்துத்தான் இன்று புதைக்கப் போகிறார்கள்.

ஓசெல்லா இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. மெம்பிஸ் தேவாலயத்தின் கீழ்த்தளச் சமையலறையில், துக்க விருந்துக்குக் கோழி வறுத்துக்கொண்டிருந்தாள். மேலே பாடகன் ரோஸ்கோ சவப்பெட்டிக்குள் கிடந்தான்.

அந்தக் காலத்தில் பாட்டு எழுதுகிறவளே முதலில் பாடிப் பதிவு செய்து கொடுக்க வேண்டும். பாடகர்கள் அதைக் கேட்டுப் பாடம் பண்ணுவார்கள். 'இன்னும் கொஞ்சம் உட்காரு': ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் மகள் ரோனெட் கடைசியாகக் கேட்டது. மகளின் அடக்கம் முடிந்த வாரமே ஓசெல்லா அதைப் பாட்டாக எழுதி, ரோஸ்கோவுக்காகப் பாடிப் பதிவு செய்தாள். நடுவில் விம்மல் வந்துவிட்டது. ரோஸ்கோ அந்த விம்மலையும் மெட்டென்று நினைத்து அப்படியே பாடிவிட்டான். கேட்டவர்கள் காதலென்று உருகினார்கள். இசைத்தட்டில் அவன் பெயரும் எழுதியவனாக ஏறியது. பாடகனுக்கு அப்படி ஒரு பங்கு கொடுப்பது வழக்கம்.

பிறகு கம்பெனியில் ஒவ்வொரு பாட்டுக்கும் அதே விம்மலைக் கேட்டார்கள். அவளும் கொடுத்தாள். ரோனெட்டை நினைக்காமலே விம்ம வந்த நாளில், ஸ்டுடியோ கழிப்பறைக் கண்ணாடியைப் பார்க்க அவளுக்குக் கூசியது.

ரோஸ்கோவின் மனைவி எர்னஸ்டீன் கறுப்பு வலைத்தொப்பியோடு படியிறங்கி வந்தாள்.

"ஏய் ஓசெல்லா, ரோஸ்கோ வச்சிருந்தானே, அந்த சிகாகோக்காரி வந்திருக்காடி. தொப்பி மணிக்கூண்டு ஒசரம்! 'இன்னும் கொஞ்சம் உட்காரு' பாட்டு அவளுக்காக அவன் எழுதினதாம், எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியறா."

"சொல்லட்டும்."

"சொல்லட்டுமா? முப்பது வருஷம் அவனுக்கு சட்டை தேச்சவ நான். நீ மேல வந்து, ரோஸ்கோ அதை என்னை நெனச்சுதான் எழுதினான்னு ரெண்டு வார்த்தை சொல்லு. அப்ப நீ கூடவே இருந்தவ. நீ சொன்னா நம்புவாங்க."

ஓசெல்லா கோழியைத் திருப்பிப் போட்டாள்.

"உனக்கென்னடி போச்சு? நீ வேற எத்தனையோ பாட்டு எழுதியிருக்க. எனக்கு இது ஒண்ணுதான் இருக்கு."

பாவம், உண்மைதான் சொல்கிறாள் என்று ஓசெல்லாவுக்குத் தோன்றியது. எனக்கும் அது ஒன்றுதான் என்று சொன்னால், ரோனெட்டுக்கான அந்த விம்மலை இவள் துக்கத்துக்கு எதிரே வைத்து எடை போட வேண்டியிருக்கும்.

மேலே ஆர்கன் தொடங்கியது.

"வாடி, கூப்பிடறாங்க."

ஓசெல்லா எர்னஸ்டீனின் தொப்பி வலையை நேராக இழுத்துவிட்டாள்.

"நீ போம்மா. அடுப்புல கோழி இருக்கு."